கருக்கலைப்பு உரிமைக்காகக் கண்காட்சியும் சொந்தக் கதைகளும்: முழுமையான வழிகாட்டி

கருக்கலைப்பு செய்துகொண்ட ஒருவர் அதை யாரிடம் சொல்வார்? கேட்டதும் முகம் சுளிக்க மாட்டார் என்று நம்புகிறவரிடம் மட்டும்தான். சமூகவியலாளர் சாரா கோவன் 2014ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவில் கருச்சிதைவைவிடக் கருக்கலைப்புதான் அதிகம். ஆனாலும் தெரிந்தவர் ஒருவருக்குக் கருச்சிதைவு ஆனதைக் கேள்விப்பட்டவர்களே அங்கே அதிகம். கருக்கலைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அதிலும் கருக்கலைப்பை எதிர்க்கிறவர்களின் காதுக்கு அந்தச் செய்தி வருவது இன்னும் அரிது. தனக்குத் தெரிந்த யாரும் இதைச் செய்துகொண்டதில்லை என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். சொந்த அக்காவே அவர்களிடம் மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 7.3 கோடி கருக்கலைப்புகள் நடக்கின்றன. பத்துக் கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்று. அந்தக் கருக்கலைப்புகளில் 45 சதவீதம் பாதுகாப்பற்ற முறையில் நடப்பவை. இவ்வளவு பரவலான ஓர் அனுபவம் பேச்சில் மட்டும் இல்லாமல் போகிறது. அந்த மௌனத்தின் மேல்தான் கடுமையான சட்டங்கள் நிற்கின்றன.

பொதுக் கண்காட்சியால் செய்ய முடிந்தது இதுதான்: யாரும் நம்பிச் சொல்லாத ஒருவர் ஒரு கதையைக் கேட்கும்படி செய்வது, அந்தக் கதையைச் சொன்னவர் அதனால் ஆபத்தில் மாட்டாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது பாதி தவறினால் முதல் பாதிக்கு மதிப்பில்லை. கீழே வரும் படிகளை அந்தக் கணக்கில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். சுவரில் என்ன மாட்டுவது என்ற கேள்வி வெகு தாமதமாகத்தான் வரும்.

1. யார் வர வேண்டும், வந்தவர் என்ன செய்ய வேண்டும்

“விழிப்புணர்வு” என்பது ஒரு குறிக்கோள் அல்ல. வேலையைத் தொடங்குமுன் இரண்டு வரிகள் எழுதுங்கள். எந்தப் பார்வையாளரை மனதில் வைத்திருக்கிறோம் என்பது முதல் வரி. அவர் வெளியே போகும்போது எந்த ஒரே காரியத்தைச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது வரி. மசோதா ஒன்று சட்டமன்றத்தில் இருந்தால், தன் உறுப்பினருக்கு அவர் கடிதம் எழுத வேண்டும். மருத்துவமனைகள் சேவையை மறுக்கும் ஊரானால், மருத்துவ மாணவர்கள் வர வேண்டும். சட்டம் இருந்தும் யாருக்கும் தெரியாத இடமானால், எங்கே போகலாம் என்ற தகவலை வந்தவர் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

ஏற்கெனவே உங்களோடு உடன்படுகிறவர்கள் எப்படியும் வருவார்கள். திட்டமிட வேண்டியது குழப்பத்தில் இருக்கிறவருக்காக. “சில நேரங்களில் சரி, சில நேரங்களில் தப்பு” என்று நினைப்பவர்கள் பெரும் கூட்டம். அவர்களை எதிரியாகப் பார்க்கும் ஒரு வாசகம் நுழைவாயிலில் இருந்தால் அவர்கள் உள்ளேயே வர மாட்டார்கள்.

அயர்லாந்தில் 2018 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தார்கள். அன்று அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ நடத்திய கருத்துக்கணிப்பில், எது உங்கள் முடிவைப் பாதித்தது என்ற கேள்விக்கு 43 சதவீதம் பேர் ஊடகங்களில் வந்த சொந்தக் கதைகளைச் சொன்னார்கள். 34 சதவீதம் பேர் தங்களுக்குத் தெரிந்தவர்களின் அனுபவத்தைச் சொன்னார்கள். கதை என்பது பிரச்சாரத்துக்குப் பூசும் வண்ணம் என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டலாம்.

2. கதை கேட்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்

பலரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டிய வேலை இது. கருக்கலைப்பு குற்றமாக இருக்கும் நாட்டில் ஒரு சொந்தக் கதை ஒப்புதல் வாக்குமூலமாகவும் ஆகிவிடலாம். வக்கீலிடம் கேட்க வேண்டியவை இவை: கதை சொல்பவர் மேல் வழக்கு வருமா, எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த ஆபத்து நீங்கும்? கதையில் வரும் தோழி, மருத்துவர், மாத்திரை வாங்கித் தந்தவர், வண்டி ஓட்டியவர் ஆகியோர் மேல் வழக்கு வருமா? நம்மிடம் இருக்கும் ஒலிப்பதிவுகளைக் கொடு என்று நீதிமன்றம் கேட்க முடியுமா? கேட்க முடியுமென்றால், அவசியமில்லாத எதையும் பதிவு செய்யவே கூடாது. சொன்னவரைவிட உதவியவருக்கு அதிக ஆபத்து இருக்கும் இடங்களும் உண்டு. டெக்சாஸில் 2021ல் வந்த சட்டம், உதவியவர் மேல் யார் வேண்டுமானாலும் சிவில் வழக்குப் போடலாம் என்கிறது.

தகவல் பரிமாற்றத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 2022ல் நெப்ராஸ்காவில் ஒரு தாயும் மகளும் பேஸ்புக்கில் பேசிக்கொண்ட செய்திகள் அவர்களுக்கு எதிரான வழக்கில் சான்றாயின. ஆகவே கதைகளை மறையாக்கம் உள்ள செயலியில் மட்டும் பெறுங்கள், செய்திகள் தானாக அழியும்படி வையுங்கள். முடிந்தால் நேரில் பேசுங்கள்.

இடத்துக்கும் பணத்துக்கும் சட்டம் உண்டு. 2023ல் ஐடஹோவில் உள்ள லூயிஸ்-கிளார்க் ஸ்டேட் கல்லூரி, ஒரு கண்காட்சியிலிருந்து கருக்கலைப்பு பற்றிய படைப்புகளை நீக்கியது. கருக்கலைப்புக்கு ஆதரவான எதற்கும் பொதுப்பணம் போகக்கூடாது என்ற 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காரணமாகச் சொன்னது. அரசுக் கல்லூரி, நகராட்சி நூலகம், அரசு மானியம் வாங்கும் கலைக்கூடம் எல்லாம் இந்த வகையில் வரும். ஜெர்மனியில் 2019 வரை, தாங்கள் கருக்கலைப்பு செய்வதாக மருத்துவர்கள் பொதுவில் அறிவிப்பதையே குற்றவியல் சட்டத்தின் 219அ என்ற பிரிவு தண்டனைக்குரியதாக வைத்திருந்தது; 2022ல்தான் அந்தப் பிரிவு முழுவதும் நீங்கியது. உங்கள் ஊரில் இதற்கு இணையான ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு மருத்துவரின் பெயரைப் பலகையில் எழுதுவது பற்றி யோசிக்கலாம்.

3. கதை சொல்ல முன்வருகிறவர்களைச் சேர்ப்பது

சமூக ஊடகத்தில் பொது அழைப்பு விடுவதைத் தள்ளிப்போடுங்கள். அது முதலில் ஈர்ப்பது இரண்டு வகையினரை: ஏற்கெனவே வெளிப்படையாகப் பேசிப் பழகியவர்கள், தொல்லை கொடுக்க வருகிறவர்கள். ஆலோசகர்கள், செவிலியர், பெண்கள் அமைப்புகள் மூலம் செய்தி போகட்டும். அவர்கள் யாருடைய எண்ணையும் உங்களிடம் தரக்கூடாது. உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுங்கள், விருப்பமுள்ளவர் தானே அழைக்கட்டும். நேற்றுத்தான் சிகிச்சை முடிந்தவரைக் கேட்காதீர்கள். சிகிச்சை தரும் இடத்திலேயே கேட்பதும் தவறு. அங்கே “இல்லை” என்று சொல்வது எளிதல்ல.

எந்தக் கதைகள் வேண்டும் என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. வன்புணர்வு, தாயின் உயிருக்கு ஆபத்து, பிழைக்க முடியாத கரு என்று மிகக் கடுமையான கதைகளை மட்டும் தேடிப்போவார்கள். அவை உண்மை, சொல்லப்பட வேண்டியவை. ஆனால் அவை மட்டுமே சுவரில் இருந்தால், இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தால் போதும் என்றுதான் பார்வையாளர் முடிவெடுப்பார். இன்னொரு குழந்தையை வளர்க்க முடியாத தாய், கருத்தடை பலிக்காமல் போன மாணவி, இப்போது குழந்தை வேண்டாம் என்று தெளிவாகத் தெரிந்திருந்தவர், அழாதவர், செய்துகொண்ட மறுநாள் வேலைக்குப் போனவர்: இவர்கள் இல்லாத கண்காட்சி முழு உண்மையைச் சொல்லாது. அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்துகொள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே தாய்மார்கள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

சோகமாக இருந்தால்தான் எடுபடும் என்ற நெருக்கடியைக் கதை சொல்பவர் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நார்மா மெக்கார்வியின் வாழ்க்கை சாட்சி. அமெரிக்காவில் கருக்கலைப்பை 1973ல் உரிமையாக்கிய (2022ல் ரத்தான) ரோ வழக்கில், “ஜேன் ரோ” என்ற புனைபெயரில் வழக்குப் போட்டவர் அவர்தான். வன்புணர்வால் கர்ப்பமானதாக முதலில் சொன்னவர், அது உண்மையல்ல என்று 1987ல் சொன்னார். நீதிமன்றத் தீர்ப்பு அதைச் சார்ந்திருக்கவில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. உள்ளது உள்ளபடி சொன்னாலே போதும் என்ற நம்பிக்கையைச் சொல்பவருக்குக் கொடுங்கள்.

வருத்தப்பட்டவரின் கதையை என்ன செய்வது? சேர்க்கலாம் என்பது என் கருத்து. கூடவே டர்ன்அவே ஆய்வின் முடிவையும் வையுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் ஏறக்குறைய ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், ஐந்து ஆண்டு கழித்தும் அது சரியான முடிவுதான் என்றார்கள். மறுக்கப்பட்டவர்களோ கடனிலும், தங்களை அடித்த துணைவரோடான தொடர்பிலும் அதிகம் சிக்கியிருந்தார்கள். ஒரு கதை ஒருவருடையது, ஆய்வு பலருடையது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது நாம் எதையும் ஒளிக்கவில்லை என்று பார்வையாளர் நம்புவார்.

சொல்பவர்களுக்குப் பணம் கொடுங்கள். போக்குவரத்துச் செலவு, அன்றைய கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, அதற்கு மேல் ஒரு தொகை. வடிவமைப்பாளருக்கும் அச்சகத்துக்கும் பணம் கொடுத்துவிட்டு, கதையின் சொந்தக்காரருக்கு நன்றி மட்டும் சொல்வது நியாயமில்லை.

4. ஒப்புதல்

1964ல் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் அமெரிக்காவில் ஒரு விடுதி அறையில் இறந்துபோன ஒரு பெண்ணைக் காவல்துறை படமெடுத்தது. 1973ல் மிஸ் என்ற பெண்ணிய இதழ் அந்தப் படத்தைப் பெயர் போடாமல் வெளியிட்டது. இதழைப் பார்த்த அவருடைய சகோதரி, அது யார் என்று கண்டுகொண்டார். அந்தப் படம் பிறகு ஊர்வலங்களில் தூக்கிச் செல்லப்பட்டது, இயக்கத்தின் அடையாளமானது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. குடும்பத்தைக் கேட்டிருக்க முடியும். நல்ல நோக்கத்துக்காக என்றாலும் ஒருவருடைய மிகத் தனிப்பட்ட நிமிடத்தை அவருடைய சம்மதமின்றிப் பயன்படுத்தினால், அவருடைய உடல் மேல் அவருக்கே அதிகாரம் உண்டு என்று நாம் சொல்வது பொய்யாகிவிடும்.

ஒரே ஒரு தாளில் ஒரே ஒரு கையெழுத்து போதாது. ஒப்புதலைத் துண்டு துண்டாகக் கேளுங்கள். குரல் வரலாமா? முகம் வரலாமா? பெயர்? ஊர்? வயது? இந்த அறையில் மட்டுமா, வேறு ஊருக்குப் போனாலுமா? பத்திரிகையாளர் படம் எடுக்கலாமா? இணையத்தில் வரலாமா? நன்கொடை கேட்கும் கடிதத்தில் பயன்படுத்தலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம், இல்லை. இணையத்துக்குச் சம்மதம் கேட்கும்போது, அங்கே போனதை முழுவதும் திரும்ப எடுக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். பேசுவதற்கு முன் ஒரு முறை, பேசி முடித்துச் சில நாள் கழித்து ஒரு முறை, எடிட் செய்த வடிவத்தைக் காட்டி ஒரு முறை, அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒரு முறை. பேசி முடித்த உடனே மனம் லேசாக இருக்கும், எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லத் தோன்றும். அந்தச் சம்மதத்தை மட்டும் நம்பாதீர்கள். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதைத் தாளில் எழுதுங்கள், யாரை அழைத்தால் போதும் என்பதையும் எழுதுங்கள். பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்படி வடிவமைத்தால்தான் இந்த வாக்குறுதி நிஜமாகும். பத்துக் கதைகளையும் ஒரே நீளமான ஃபிளெக்ஸில் அச்சடித்துவிட்டால் யாரும் விலக முடியாது.

கதையில் வேறு ஆட்களும் இருப்பார்கள். முன்னாள் கணவர், அம்மா, மருத்துவர், பிள்ளைகள். அவர்கள் சம்மதம் தரவில்லை. அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிடுங்கள். சொல்பவருக்குப் பிள்ளைகள் இருந்தால், ஒருநாள் அவர்கள் இதைப் படிக்கலாம் என்பதைப் பற்றி அவரோடு நிதானமாகப் பேசுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கதையைப் பொதுக் கண்காட்சிக்கு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். சில நாடுகளில் அதைக் கேட்ட மாத்திரத்தில் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு வந்துவிடலாம்.

5. பேசவைப்பதும் எடிட் செய்வதும்

“ஏன் செய்துகொண்டீர்கள்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஒருவரைக் கூண்டில் ஏற்றிவிடும், அவர் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். “எங்கிருந்து ஆரம்பிக்கத் தோன்றுகிறதோ அங்கிருந்து சொல்லுங்கள்” என்று விட்டுவிடலாம். அப்புறம் கேளுங்கள்: அன்று யார் கூட இருந்தார்கள்? எவ்வளவு தூரம் போனீர்கள்? பணத்துக்கு என்ன செய்தீர்கள்? யாரிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது? கடைசியாக, எது கிடைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்?

இந்தக் கடைசிக் கேள்விதான் கதையைக் கோரிக்கையோடு இணைக்கிறது. அதன் பதிலில் ஒரு தடை இருக்கும்: தூரம், செலவு, கட்டாயக் காத்திருப்பு நாட்கள், கணவர் அல்லது பெற்றோரின் கையெழுத்து, வார வரம்பு, சிகிச்சை தர மறுத்த மருத்துவர். ஒவ்வொரு கதைக்கும் எதிரே அதன் தடையை எழுதிப் பட்டியல் போடுங்கள். ஒரே தடையைப் பற்றி ஏழு கதைகள் இருந்து, உங்கள் மசோதா பேசும் தடையைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் இன்னும் தேட வேண்டும் என்று அர்த்தம்.

எடிட் செய்யும்போது குறைக்கலாம், சேர்க்கக்கூடாது. சொல்பவரின் பேச்சுநடை அப்படியே இருக்கட்டும். “நான் துணிச்சலான முடிவை எடுத்தேன்” என்று அவர் சொல்லாத வாக்கியத்தை அழகுக்காக எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு சின்ன விவரம் போதும்: பேருந்தில் ஜன்னலோரம் உட்கார முடியாதது, மருத்துவமனையில் யாரோ கையைப் பிடித்தது, வீட்டுக்கு வந்து தூங்கியது.

ஒரு பலகைக்கு 50 முதல் 75 சொற்கள் போதும். நின்றபடி படிக்கிறவர் அதற்கு மேல் தாங்க மாட்டார். ஒலிப்பதிவு என்றால் இரண்டு மூன்று நிமிடம்.

6. அடையாளத்தை மறைக்க வேண்டியபோது

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். “மூன்று பெண் குழந்தைகள் உள்ள, தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் 41 வயதுப் பெண்” என்றாலே ஒரு சிறிய ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வேலை, வயது, ஆண்டு, ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் இரண்டுக்கு மேல் ஒன்றாக வரக்கூடாது. மாற்றியிருக்கிறோம் என்பதைக் கண்காட்சியின் நுழைவிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், அப்போது யாரும் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. படக்கோப்புக்குள் மறைந்திருக்கும் இடம், நேரத் தகவல்களை அழிக்க மறக்காதீர்கள். கையெழுத்தும் பச்சை குத்தலும் நகையும் கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கருக்கலைப்புச் சட்டத்தை ஆராய்ந்த அயர்லாந்தின் குடிமக்கள் மன்றத்தில், பெண்களின் அனுபவங்கள் முகம் காட்டாமல் ஒலிப்பதிவுகளாக ஒலிக்கப்பட்டன. அதே நாட்டில் “இன் ஹெர் ஷூஸ்” என்ற பேஸ்புக் பக்கம் பெயரில்லாக் கதைகளை வெளியிட்டு நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பெயரில்லாத கதை வலுவில்லாத கதை அல்ல.

எதிர்த்திசையில் ஒரு வழியும் உண்டு: எல்லோரும் ஒன்றாக வெளியே வருவது. 1971 ஏப்ரல் 5 அன்று 343 பெண்கள், தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டதாக பிரான்ஸின் ஒரு வார இதழில் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். அறிக்கையை எழுதியவர் சிமோன் த பொவ்வார். அப்போது அது அங்கே குற்றம். கேத்தரின் தெனவ் போன்ற புகழ்பெற்றவர்கள் முன்வரிசையில் நின்றதால் யாருக்கும் பெயர் தெரியாத பெண்களுக்கும் அது கேடயமானது. யார் மேலும் வழக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் ஜெர்மனியில் ஸ்டெர்ன் இதழில் 374 பெண்கள் அதையே செய்தார்கள். 1975ல் பிரான்ஸில் சட்டம் மாறியது. பெயரோடு வருகிறவர்கள் இருந்தால் அவர்களைத் தனியாக நிறுத்தாதீர்கள். ஊரில் செல்வாக்குள்ளவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

7. எதைக் காட்டுவது

போர்ச்சுகலில் 1998ல் நடந்த வாக்கெடுப்பு தோற்றபோது, ஓவியர் பவுலா ரேகோ கோபத்தில் ஒரு தொடர் வரைந்தார். படுக்கையில், வாளியருகே, பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண்கள். ரத்தம் இல்லை. ரத்தம் இருந்தால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெண்களில் சிலர் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். 2007ல் மீண்டும் வாக்கெடுப்பு வந்தபோது நாடு சம்மதித்தது. கண்காட்சி செய்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் ரேகோதான் என்று நினைக்கிறேன்.

பொருள்களும் பேசும். சொல்பவரிடம் அந்த நாட்களின் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்: பயணச்சீட்டு, மருத்துவக் கட்டண ரசீது, போட்டிருந்த ஸ்வெட்டர், கடன் வாங்கிய கணக்கு எழுதிய தாள். 1980க்கும் 2016க்கும் இடையில் அயர்லாந்திலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் கருக்கலைப்புக்காக வேறு நாட்டுக்குப் போனார்கள். அந்தப் பயணத்தைச் சொல்ல ஒரு சின்ன சக்கரப் பெட்டி போதும். வியன்னாவில் உள்ள கருத்தடை, கருக்கலைப்பு அருங்காட்சியகம், வழியில்லாத காலத்தில் பெண்கள் எதையெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பதைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறது. ஸ்பெயின் புகைப்படக் கலைஞர் லாயா அப்ரில் 2016ல் பிரான்ஸின் ஆர்ல் புகைப்பட விழாவில் வைத்த காட்சியும் கருவிகளையும் ஆவணங்களையும் முகங்களையும் அடுத்தடுத்து வைத்தது.

துணிமாட்டும் கம்பியைப் பற்றி: பாதுகாப்பான வழி இல்லாதபோது பெண்கள் கருவைக் கலைக்கப் பயன்படுத்திய அது பழைய, வலுவான சின்னம். ஆனால் அதை மட்டும் வைத்தால், கருக்கலைப்பு என்றாலே பயங்கரம் என்ற எண்ணம்தான் தங்கும். இன்று மிஃபெப்ரிஸ்டோன், மைசோப்ரோஸ்டால் மாத்திரைகள் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. சரியான தகவலும் தேவைப்பட்டால் மருத்துவ உதவியும் கிடைக்கும்போது, 12 வாரத்துக்குள் மாத்திரை வழியை ஒருவர் தானே மேற்கொள்ளலாம் என்று அந்த நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. பாதுகாப்பான முறை எவ்வளவு எளியது என்பதையும் சுவரில் காட்டுங்கள். மருத்துவத் தகவல் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு மருத்துவர் படித்துப் பார்த்த பிறகே அச்சிடுங்கள்.

8. அறையை அமைப்பது

பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவரும் படிக்க முடிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். நுழைவில் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவிப்பு வேண்டும், பயமுறுத்தாமல், இரண்டு வரியில். வழி ஒரே திசையில் போகும் குகையாக இருக்கக்கூடாது. நடுவில் மனம் கனத்தவர் யார் கண்ணிலும் படாமல் வெளியே போக இன்னொரு வாசல் வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஹெட்போன் வையுங்கள்; காதோடு காதாகக் கேட்கும் குரலுக்குத் தனி நெருக்கம் உண்டு, பக்கத்தில் நிற்பவர் நம் முகத்தைப் படிக்கிறாரோ என்ற கூச்சமும் குறையும்.

ஓர் ஓரத்தில் இரண்டு நாற்காலி, தண்ணீர், திசுத்தாள், கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர். நிச்சயமாக யாராவது வந்து உட்கார்ந்து, முதல் முறையாகத் தன் கதையைச் சொல்வார். அவரிடம் “இதையும் சுவரில் போடலாமா” என்று கேட்கக்கூடாது. கேட்டு முடித்து, உதவி எண்ணுள்ள சிறு அட்டையைக் கொடுத்தால் போதும். அட்டை பணப்பைக்குள் அடங்குவதாகவும், மேலே பெரிய எழுத்தில் எதுவும் இல்லாமலும் இருக்கட்டும். அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் அல்லவா.

பார்வையாளர் எழுதும் சுவர் இருந்தால், சீட்டுகள் முதலில் ஒரு பெட்டிக்குள் விழட்டும். படித்துப் பார்த்து ஒட்டுங்கள். கருக்கலைப்பு மறுக்கப்பட்டு 2012ல் கால்வே மருத்துவமனையில் இறந்த சவிதா ஹலப்பனவரின் உருவம் 2018ல் டப்ளினில் ஒரு சுவரில் வரையப்பட்டது. வாக்கெடுப்பு நாட்களில் ஆட்கள் வந்து அதைச் சுற்றிச் சிறு தாள்களில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தாள்களை டப்ளின் நகர நூலகமும் ஆவணக்காப்பகமும் சேகரித்துப் பாதுகாக்கின்றன. உங்கள் சீட்டுகளும் ஆவணம்தான், குப்பையில் போடாதீர்கள்.

9. கூடம் கிடைக்காவிட்டால்

தெருவே கூடம். டப்ளினில் மேசர் என்ற கலைஞரின் “ரிப்பீல் தி எய்த்” (கருக்கலைப்பைத் தடுத்த எட்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தை நீக்கு) சுவரோவியத்தை ஒரு கலைமையம் இரண்டு முறை அழிக்க வேண்டியிருந்தது. 2016ல் கட்டட அனுமதிச் சிக்கல், 2018ல் அறக்கட்டளை ஒழுங்குமுறை அமைப்பின் தலையீடு. அதற்குள் அந்தச் சின்னம் சட்டைகளிலும் பைகளிலும் ஏறிவிட்டது. அர்ஜென்டினாவில் கருக்கலைப்பு உரிமையின் சின்னமான பச்சைக் கழுத்துத்துணி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளுக்காகப் போராடிய மே சதுக்கத்து அன்னையரின் வெள்ளைத் தலைத்துணியிலிருந்து பிறந்த அது, பைகளில் கட்டப்பட்டு, ஒவ்வொருவரையும் நடமாடும் கண்காட்சியாக ஆக்கியது. பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்து இதைச் செய்தால், உங்கள் பதிவின் விதிகள் அரசியல் பிரச்சாரத்தை எவ்வளவு அனுமதிக்கின்றன என்று முன்பே பாருங்கள்.

10. எதிர்ப்பு வரும்

வரும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு தன்னார்வலருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உள்ளே படம் எடுக்கத் தடை; பார்வையாளர் முகம் வெளியே போய்விடக்கூடாது. கத்துகிறவரோடு விவாதம் வேண்டாம். அமைதியாக வந்து “எனக்கு இது உடன்பாடில்லை” என்கிறவர் வேறு. அவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள். கதை சொன்னவர்களில் யாரும் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. இருக்கிறார்கள் என்றால், யார் அவர்களை வீடுவரை கொண்டுபோய் விடுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் வசை வரும்போது அதைப் படிக்கும் வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

11. வாசலில் நடக்கும் பேச்சு

சுவரைப் பார்த்து மட்டும் மனம் மாறுவது குறைவு. பார்த்தபின் யாராவது கேட்டால்தான் அது உள்ளே இறங்கும். டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016ல் வெளியிட்ட ஆய்வில், திருநர் உரிமை பற்றிச் சுமார் பத்து நிமிடம் நடந்த வீட்டுவாசல் உரையாடல் வெறுப்பைக் குறைத்தது. அந்த மாற்றம் குறைந்தது மூன்று மாதம் நிலைத்தது. அவர்கள் வாதாடவில்லை, எதிரே நிற்பவரின் சொந்த அனுபவத்தைக் கேட்டார்கள். அதே முறையில் வாசலில் நிற்கும் தன்னார்வலர் கேட்கட்டும்: “எந்தக் கதை மனதில் நின்றது? உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி ஒரு நெருக்கடியில் இருந்ததுண்டா?” பதில் வரும்வரை காத்திருங்கள். அதன்பிறகு நீங்கள் முதல் படியில் எழுதிய அந்த ஒரே காரியத்தைக் கேளுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், செய்தியாளர் இல்லாமல். அவர்கள் தொகுதியிலிருந்து வந்த கதையைக் காட்டுங்கள், கையில் இரண்டு பக்கக் குறிப்பு கொடுங்கள். ஒரே தடவையில் முடியாது. அர்ஜென்டினாவில் 2018ல் நாடாளுமன்ற விசாரணையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். செனட்டில் 38க்கு 31 என்று மசோதா தோற்றது. 2020 டிசம்பர் 30 அன்று அதே செனட்டில் 38க்கு 29 என்று வென்றது.

12. பலகைகளைக் கழற்றிய பிறகு

முதல் வேலை, கதை சொன்னவர்கள் ஒவ்வொருவரையும் அழைப்பது. அந்த வாரத்தில் ஒரு முறை, சில மாதம் கழித்து ஒரு முறை. என்ன நடந்தது, யார் என்ன எழுதினார்கள் என்று சொல்லுங்கள். அவர் கதைக்குக் கீழே வந்த நல்ல சீட்டுகளின் நகலை அனுப்புங்கள். யாருக்காவது ஆலோசகர் தேவைப்பட்டால் அந்தச் செலவு கண்காட்சியின் பட்ஜெட்டில் முன்பே இருக்க வேண்டும்.

எடிட் செய்யாத ஒலிப்பதிவுகளையும், உண்மைப் பெயர்கள் உள்ள தாள்களையும் சொன்ன தேதியில் அழித்துவிடுங்கள். அழித்துவிட்டோம் என்று கதை சொன்னவரிடம் தெரிவியுங்கள். ஆவணக்காப்பகத்தில் வைக்க விரும்புகிறவர் இருந்தால், எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். வேறு ஊரிலிருந்து கண்காட்சியைக் கேட்டால் பழைய தாளைக் காட்டி அனுப்பிவிடாதீர்கள். அந்த ஊரில் சட்டம் வேறாக இருக்கலாம், சொன்னவரின் வாழ்க்கையும் மாறியிருக்கலாம், அவருடைய மாமியார் வீடு அங்கே இருக்கலாம். ஒவ்வொருவரையும் மறுபடி கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அவருடைய பலகை பெட்டியில் ஏறாது.